கூடினாலும் தப்பு

31 வருஷம் வங்கியில் கேஷியராக இருந்தவன் நான். சாயங்காலம் பணத்தை எண்ணிக் கணக்கு டேலி ஆகாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. நூறு ரூபாய் குறைந்தால் கைக்காசைப் போட வேண்டும். நூறு கூடினாலும் நிம்மதி கிடையாது. யாருக்கோ குறைத்துக் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

மனசுக் கணக்கில் மட்டும் நான் இவ்வளவு கறார் இல்லை. நற்கருணைக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனைக்குப் போய்வந்தால் தீர்ந்தது. பந்தியில் சேருமுன் அவனவன் தன்னை ஆராய்ந்து பார்க்கட்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினாரே (முதல் நிருபம், 11ஆம் அதிகாரம்), அதற்கென்றே உள்ள ஆராதனை அது. எல்லாருமாகப் பாவ அறிக்கையை வாசிப்போம். எல்லாருக்கும் பொருந்துகிற வார்த்தைகள் என்பதால் என்னை மட்டும் அவை உறுத்தியதே இல்லை.

ஒரு மாதம் முதல் தேதி, பென்ஷன் கூட்டம். கைநாட்டு வைக்கிற ஓர் ஆச்சி மூன்றாம் முறையாகத் தப்பான இடத்தில் விரலை உருட்டிக்கொண்டு வந்தார். "போன மாசமே சொன்னேம்லா, காது கேக்காதா?" என்று கத்திவிட்டேன். ஆச்சி பதில் பேசவில்லை. பெருவிரலை முந்தானையில் துடைத்தார். மை போன பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

வரிசையில் அடுத்து நின்றவர் இயேசு சபைப் பாதர் ஒருவர். பாளையங்கோட்டையில் அவர்களுக்கா பஞ்சம்? அவர் என்னைக் கண்டிக்கவில்லை. "இன்னைக்கு இது எத்தனையாவது ஆள் சார்?" என்று மட்டும் கேட்டார். எண்ணிக்கை கேட்டால் கேஷியர் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

பிறகொரு நாள் செலானின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார். நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு ஜோடி. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழும்போதே அதை நினைத்துக்கொள்வது. தவறினால் உடனே நெஞ்சில் கைவைப்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்கோட்டிலும் இரவில் கீழ்க்கோட்டிலும் தவறுக்கொரு புள்ளி. நேற்றையதோடு இன்றையதை ஒப்பிடுவது. லொயோலா இஞ்ஞாசியார் எழுதி, 1548இல் போப் மூன்றாம் பவுல் அங்கீகரித்த ஆன்மிகப் பயிற்சி நூலில் உள்ள முறை. சி.எஸ்.ஐ.காரனுக்கு இது எதற்கு என்று முதலில் தோன்றத்தான் செய்தது. டேலி பார்ப்பதில் என்ன சபைப் பிரிவு?

கோபத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் 19 புள்ளி. மூன்றாம் வாரம் 60க்கு மேல். ஃபேன் ஓடாததற்கு முகம் சுளித்ததையெல்லாம் குறித்திருந்தேன். பாதர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "கேஷ் கூடுதலா வருது சார்."

இஞ்ஞாசியாருக்கே வந்த வியாதி அது. அவர் போர்வீரர், 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர். மறு வருஷம் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, இன்னும் ஏதோ விட்டுப்போயிற்று என்று தவித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. பின்னாளில் அவர் வகுத்த ஆத்தும சோதனை பாவத்தில் தொடங்கவில்லை. கிடைத்த நன்மைகளுக்கு முதலில் நன்றி. பிறகு, உள்ளதை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்பது. அதன் பிறகே மணிவாரியாக அன்றைய கணக்கு, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம்.

நான் என்னையே எண்ணிக்கொண்டிருந்ததில் ஆச்சியை மறந்திருந்தேன். அடுத்த முதல் தேதி கவுன்டரை விட்டு வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன். ஆச்சி என் வாயையே உற்றுப் பார்த்தார். "பணத்தைச் சரியா எண்ணித் தாங்கய்யா" என்றார். உண்மையிலேயே காது கேட்காது.

ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. கத்துவதற்கு வரிசையில் யாரும் இல்லை. நேற்று மேல்கோட்டில் ஒன்று, கீழ்க்கோட்டில் மூன்று. நான்குமே வீட்டுக்காரியிடம்.