சேர்வராயன் கரடியும் தோட்டாவின் கணக்கும்

வட அமெரிக்காவின் பல மாநிலங்களில் கருங்கரடியைக் கைத்துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது என்பதால், அதற்கு எந்தத் துளை அளவு ஏற்றது என்ற விவாதம் அங்குள்ள வேட்டைக்காரர்களிடையே ஓய்வதேயில்லை. அதே கேள்வியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவரும்போது விடையோடு கேள்வியும் மாறிவிடுகிறது. நார்ட்டன் பங்களாவை ஒட்டிய கரடிக் குகை, கரடியூர் என்று அம்மலையிலுள்ள ஏற்காட்டின் இடப்பெயர்களில் நிலைத்துவிட்ட கரடி, அமெரிக்கக் கருங்கரடி அன்று. கறையான் தின்று வாழும் தேன்கரடி.

துளை அளவு என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதை அங்குலத்தின் பின்னமாகக் குறிப்பது ஆங்கிலேய, அமெரிக்க வழக்கம். எனினும் பெயரை நம்பி அளவை முடிவு செய்ய முடியாது; 1955இல் அறிமுகமான .44 மேக்னம் தோட்டாவின் குண்டு உண்மையில் 0.429 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10.9 மில்லிமீட்டர் விட்டமே உடையது. விட்டத்தைவிட முக்கியமானது குண்டின் இயக்க ஆற்றல். அது எடையோடு நேர்விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்தோடும் உயரும். .44 மேக்னத்தின் 15.5 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகத்தில் வெளிப்படும்போது 1,300 ஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. இந்தியாவில் பொதுமக்கள் உரிமம் பெற்று வைத்துக்கொள்ளக்கூடிய, கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்படும் .32 ரிவால்வரின் குண்டோ, 6 கிராமுக்குச் சற்றே கூடிய எடையும் நொடிக்கு 215 மீட்டர் அளவிலான வேகமும் கொண்டு, 150 ஜூலுக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. விட்டத்தில் இரண்டுக்கும் வேறுபாடு 3 மில்லிமீட்டர்தான்; ஆற்றலிலோ ஒன்பது மடங்கு.

ஆற்றல் மட்டும் விலங்கை வீழ்த்திவிடாது. ரைபிள் குண்டு நொடிக்கு 600 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தைக்கும்போது சுற்றியுள்ள தசை விரிந்து கிழிகிறது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வேகம் இல்லாததால், தான் நேராகத் துளைத்துச் செல்லும் பாதையில் உள்ளதை மட்டுமே அது சிதைக்கிறது. ஆகவே இதயத்தையோ மூளையையோ தண்டுவடத்தையோ எட்டும் அளவுக்கு அது ஆழம் போகவேண்டும். 1986இல் மியாமி நகரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பின் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோல், தசைக்கு நிகரான ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்கிறது. அது மனித உடலை மனத்தில் கொண்டு எழுந்த அளவு. தடித்த தசையும் கனத்த எலும்பும் உள்ள கரடிக்கு அதுவும் போதாது என்பதாலேயே, விரிந்து நின்றுவிடும் குண்டை விட்டு, உருக்குலையாமல் ஆழம் போகும் கெட்டியான ஈயக் குண்டை அமெரிக்க வேட்டைக்காரர்கள் நாடுகின்றனர்.

காலனியாட்சிக் கால இந்தியாவில் வேட்டையாடியவர்களுக்குக் கைத்துப்பாக்கியின் இந்த வரம்பு தெரிந்தே இருந்தது. யானை அம்பாரியின்மீது புலி தாவி ஏறும் கடைசி நொடிக்கென்று .577 துளையுள்ள இரட்டைக்குழல் பிஸ்டல்கள் செய்யப்பட்டன. அவை உயிர் தப்பும் கருவிகளே தவிர வேட்டைக் கருவிகள் அல்ல. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன், 1957இல் வெளியான தம் நூலில் ‘கருங்கரடி’ என்று விவரித்த விலங்கும் தேன்கரடிதான். அவர் கையில் வழக்கமாக இருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள்; அதன் ஆற்றல் 4,300 ஜூலைத் தாண்டும், அதாவது .44 மேக்னத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

ஆண் தேன்கரடி 80 முதல் 145 கிலோ வரை எடையிருக்கும்; கருங்கரடியைவிடப் பெரிதன்று. ஆனால் குணம் வேறு. அச்சுறுத்தலைக் கண்டால் கருங்கரடி பெரும்பாலும் ஓடிவிடும் அல்லது மரமேறிவிடும். புலியோடு காட்டைப் பங்கிட்டுக்கொண்டு பரிணமித்த தேன்கரடியோ நின்று எதிர்த்துப் பாய்கிறது. மேல்வரிசையின் நடுப் பற்கள் இரண்டு இல்லாத வாயால், மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, புற்றிலிருந்து கறையானை உறிஞ்சும் அதன் ஓசை தொலைவிலும் கேட்கும். அந்த இரைச்சலில் மனிதக் காலடி அதன் காதில் விழுவதில்லை. கண்பார்வையும் மந்தம். எனவே மனிதனும் கரடியும் ஒருவரையொருவர் உணரும்போது இடைவெளி பத்துப் பதினைந்து மீட்டராகச் சுருங்கியிருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது பாய்ந்தால் பதினைந்து மீட்டரைக் கடக்க இரண்டு நொடிகூட ஆகாது. உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, குறிபார்த்து, பிடரி மயிர் சிலிர்த்து உடலின் உண்மையான விளிம்பை மறைத்துக்கொண்டு வரும் ஒரு விலங்கின் மூளையைத் தாக்க அந்த இரண்டு நொடி போதுமா என்பதே இங்கு எழும் கேள்வி. துளை அளவு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோரின் குழு அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நிகழ்ந்த 269 துப்பாக்கி நிகழ்வுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் சுட்டவர்களுக்கும் காய விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மிளகாய்க் காரத் தெளிப்பான் பத்துக்கு ஒன்பது முறை கரடியின் போக்கை நிறுத்தியிருந்தது. இரு ஆய்வுகளின் நிகழ்வுகளும் ஒரே தன்மையன அல்ல. அலாஸ்காவின் கரடியும் தேன்கரடி அன்று. ஆயினும் ஆயுதம் கையில் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு இந்த எண்கள் துணைநிற்கவில்லை.

இந்தியாவில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள தேன்கரடியைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் கொன்றால் அது குற்றமாகாது என்று பதினோராம் பிரிவு கூறினாலும், இறந்த விலங்கு அரசின் சொத்து. மலைக் கிராமங்களில் ஒளித்துவைக்கப்படும் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியை நிரப்பிச் சுட்டபின் மறுபடி நிரப்புவதற்குள், காயம்பட்ட கரடி ஆளை எட்டிவிடும்.

காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களோடு நிற்கும் பலா பழுக்கும் கோடையிலும், நாவலும் சரக்கொன்றையும் பழம் உதிர்க்கும் நாள்களிலும் கரடி மனிதப் பாதைகளுக்கு அருகே வரக்கூடும். அந்தப் பருவத்தில் விடியலிலும் அந்தியிலும் தனியே போகாமல், இரண்டு மூன்று பேராக உரக்கப் பேசிக்கொண்டு நடப்பவர்கள், கறையான் புற்றில் தலை கவிழ்ந்திருக்கும் விலங்குக்கு விலகிச்செல்ல நேரம் கொடுக்கின்றனர். அந்த நேரத்தைத் தரும் தோட்டா எதுவும் கிடையாது.