இரைப்பைப் புற்றுநோய் திரும்ப வருமா? இரத்தம் சொல்வதும் அறிக்கை சொல்வதும்

இரைப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து வீடு திரும்பியவரையும் அவரது குடும்பத்தையும் விட்டகலாத கேள்வி ஒன்று உண்டு: வருத்தம் திரும்ப வருமா? மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில் இருக்கும் கதிரவெளியிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக 60 கிலோமீற்றருக்கும் மேல் பயணிக்க வேண்டும். ஒவ்வொரு கிளினிக் நாளிலும் ஒரு நாள் உழைப்புப் போய்விடுகிறது. அதனால் எந்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது என்பதை நோயாளியும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது.

கட்டி முழுவதும் அகற்றப்பட்டாலும், கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய்க் கலங்கள் வயிற்றின் உட்சவ்விலோ ஈரலிலோ நிணநீர்க் கணுக்களிலோ தங்கியிருக்கலாம். திரும்ப வரும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் வெளிப்படுகிறது. அதை முன்கூட்டியே உணர்த்தக்கூடிய பொருட்களையே உயிரியல் குறிகாட்டிகள் என்கிறார்கள்.

இவற்றுள் பரவலாகப் பார்க்கப்படுவது சி.இ.ஏ. கருவிலுள்ள குழந்தையின் குடலில் அதிகமாகச் சுரந்து, பிறந்தபின் குறைந்துவிடும் புரதம் இது. சில புற்றுநோய்களில் மறுபடியும் அதிகரிப்பதை 1965இல் கனடாவின் மொன்றியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிறீட்மனும் கண்டறிந்தனர். சி.ஏ. 19-9, சி.ஏ. 72-4 என்பனவும் இதேபோல் இரத்தத்தில் அளக்கப்படுபவை.

சத்திரசிகிச்சைக்கு முன் உயர்ந்திருந்த அளவு, அதன்பின் சில வாரங்களில் இறங்க வேண்டும். இறங்கிய அளவு அடுத்தடுத்த பரிசோதனைகளில் தொடர்ந்து ஏறினால், வைத்தியர் ஸ்கான் எடுத்துப் பார்ப்பார். ஒரே ஒரு தடவை கூடியதை வைத்து முடிவுக்கு வர முடியாது. புகைப்பிடிப்பவர்களுக்குச் சி.இ.ஏ. கூடுதலாக இருக்கும். ஈரல் நோயும் பித்தக் குழாய் அடைப்பும் சி.ஏ. 19-9ஐ உயர்த்தும். நூற்றுக்கு 5 முதல் 10 பேரின் உடல் பிறவியிலேயே சி.ஏ. 19-9ஐ உருவாக்குவதில்லை. இரைப்பைப் புற்றுநோய் உள்ள பலரில் இந்தக் குறிகாட்டிகள் உயர்வதே இல்லை. ஆகவே அளவு சாதாரணமாக இருக்கிறது என்பதற்காகக் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. கடன்பட்டு மாதாமாதம் தனியார் ஆய்வுகூடத்துக்கு ஓடவும் தேவையில்லை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள்.

இரத்தப் பரிசோதனையை விடக் கூடுதலாகச் சொல்வது, வெட்டியெடுத்த இரைப்பையைப் பரிசோதித்து எழுதும் நோயியல் அறிக்கை. கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் பரவியது, வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்ததா என்பவை அதில் இருக்கும். சரியான கணிப்புக்குக் குறைந்தது 16 கணுக்களாவது பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். கட்டித் துண்டிலேயே ஹேர்-2, எம்.எஸ்.ஐ. ஆகியவற்றையும் பார்க்கலாம். எம்.எஸ்.ஐ. உயர்வாக உள்ளவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. நோய் திரும்பினால், ஹேர்-2 மிகுந்தவர்களுக்கு டிராஸ்டுசுமாப் என்ற மருந்து உதவக்கூடும்.

2006 நவம்பர் 8இல், இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் கொல்லப்பட்டனர். அடுத்தடுத்த வாரங்களில் வாகரைப் பிரதேசமே வெறிச்சோடியது. ஓடும்போது எந்தக் கடதாசியைக் கையில் எடுப்பது என்ற கேள்வியை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு இந்த அறிக்கையையும் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு பிரதியை உறவினர் வீட்டில் வையுங்கள், தொலைபேசியிலும் படமெடுத்து வையுங்கள். வேறு வைத்தியசாலைக்கு மாற்றினாலும் அங்குள்ள வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

தொடர்ந்த வாந்தி, வயிறு வீங்குதல், கறுப்பு மலம், கண் மஞ்சளாதல், நின்றிருந்த எடை மறுபடி இறங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு விற்றமின் பி12 ஊசி வாழ்நாள் முழுவதும் தேவை. சோர்வும் கைகால் விறைப்பும் அந்தக் குறைபாட்டாலும் வரலாம் என்பதால், நோய் திரும்பிவிட்டது என்று பயந்து வீட்டிலிருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.