புசா ரோட்டுக்குள் எந்தக் கழிவு போகும்?

கழிவில் சாலை என்றதும் நமக்கு பிளாஸ்டிக்தான் நினைவுக்கு வரும். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் வகுத்த முறை அது. 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 160 டிகிரி அளவுக்குச் சூடேறிய ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால், உருகி மெல்லிய பூச்சாகப் படியும். பிறகு தாரைக் கலந்தால் பிடிப்பு கூடும், தண்ணீர் எளிதில் புகாது. பைகளும் உறைகளும் போடலாம். பி.வி.சி. மட்டும் ஆகாது, சூட்டில் நச்சுப்புகை கக்கும்.

நல்ல முறைதான். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஒற்றைத் தடச் சாலைக்குள் போவது சுமார் 1 டன் பிளாஸ்டிக். மேலே போடும் சில சென்டிமீட்டர் கலவையில் அதற்குமேல் இடமில்லை.

சாலையின் பெரும்பசி அடியில் இருக்கிறது. தில்லியில் யமுனையைக் கடக்கும் இரண்டாவது நிஜாமுதீன் பாலத்தின் அணுகுசாலைக் கரையை 1990களின் இறுதியில் அனல்மின் நிலையச் சாம்பலால் எழுப்பினார்கள். சுமார் 1.5 லட்சம் கன மீட்டர் சாம்பல். மண்ணைவிட எடை குறைவு என்பதால் இளகிய ஆற்றுப்படுகையை அது அதிகம் அழுத்தாது. ஆனால் தானாக ஒட்டி நிற்காது, மழையில் கரைந்தோடும். அதனால் பக்கங்களிலும் மேற்புறத்திலும் நல்ல மண்ணைப் போர்த்த வேண்டும். 2025-இல் தில்லியில் திறந்த யு.இ.ஆர்.-2 என்னும் நகர விரிவாக்கச் சாலையின் கரைகளுக்குள் லட்சக்கணக்கான டன் குப்பைமேட்டுக் கழிவு போயிருக்கிறது. குப்பையை அப்படியே கொட்டிவிடவில்லை. மட்கும் பொருளையும் பிளாஸ்டிக்கையும் சலித்து நீக்கியபின் மிஞ்சும் மண்ணும் கல்லும்தான் அது. மட்குவது உள்ளே இருந்தால் சாலை ஒருநாள் அமிழும்.

தில்லியின் புசா ரோட்டுக்கு இதெல்லாம் உதவாது. கரோல் பாக், ராஜேந்திர பிளேஸ் மெட்ரோ நிலையங்களின் கீழே ஓடும் அந்தப் பழைய சாலையில் எழுப்புவதற்குக் கரை எதுவும் இல்லை. மேலே மேலே தார் போட்டுக்கொண்டே போனாலோ கடைகளும் வீடுகளும் பள்ளத்தில் நிற்கும், மழைநீர் வாசலுக்கு வரும். இந்தத் தொல்லையால்தான் தமிழகத்திலும் 2021-இல், தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதுத்தளம் போட வேண்டும் என்றார்.

என் கணக்கில், இப்படிப்பட்ட சாலைக்கு ஏற்ற முதல் கழிவு, சுரண்டியெடுத்த அந்தப் பழைய தளமேதான். தளத்தைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் லாரியில் கொட்டும் கறுப்புத் தூளில் நல்ல ஜல்லியும் தாரும் அப்படியே இருக்கின்றன. வெயிலும் காற்றும் பட்டுத் தார் இறுகிப் போயிருக்கும், அவ்வளவுதான். இளகிய புதுத்தாரோ, அதற்கென உள்ள எண்ணெயோ சேர்த்தால் பதம் திரும்பும். பழைய தூளை நேரே தீயில் காட்டினால் தார் கருகிப் புகையும். அதனால் புதுஜல்லியை வழக்கத்தைவிட அதிகம் சூடாக்கி, அதன் வெப்பத்தில் பழையதைச் சூடேற்றுவார்கள். பொதுவாகப் புதுக்கலவையில் 30 சதவீதத்துக்குள் இதைச் சேர்ப்பது வழக்கம்.

இதற்கான வழிகாட்டியை இந்தியச் சாலைப் பேராயம் 2015-லேயே வெளியிட்டுவிட்டது. இருந்தாலும் பழைய தூளைத் தனியாக உள்ளே விடும் வசதி எல்லாக் கலவை ஆலைகளிலும் கிடையாது. சுரண்டியது யாருக்குச் சொந்தம், அதில் எத்தனை சதவீதம் அதே சாலைக்குத் திரும்ப வேண்டும் என்று டெண்டரில் எழுதாவிட்டால், அந்த லாரி ஏதோ ஒரு காலிமனையை மேடாக்கத்தான் போகும்.