மாட்டின் கண்புற்றும் பழுப்பு நிறக் கருக்களும்

ஹியர்ஃபோர்டு மாட்டுக்கு உடல் செம்பழுப்பு, முகம் வெள்ளை. இங்கிலாந்தில் தோன்றிய இந்த இறைச்சி இனம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வெயில் கொளுத்தும் மேய்ச்சல் நிலங்களுக்குப் போனபோது அந்த வெள்ளை முகமே அதற்குப் பகையானது. இமையில் நிறமி இல்லாததால் புற ஊதாக் கதிர் செல்களை நேரே தாக்குகிறது. வயதான மாடுகளுக்குக் கண்புற்று வர இது முக்கியக் காரணம்.

விழி வெண்படலமும் கருவிழியும் சேரும் விளிம்பிலோ, இமைகளிலோ முதலில் வெண்தடிப்பு தோன்றும். பிறகு மரு போல வளரும். இவற்றில் பல தாமாகவே மறைந்துவிடுகின்றன. சில மட்டும் புற்றாகிக் கண்குழிக்குள் இறங்கி, காதடி நிணநீர்க் கணுவரை பரவுகின்றன. எது மறையும், எது பரவும் என்று வெளிப்பார்வையில் சொல்வது கடினம்.

இங்கேதான் திசுக் குறிப்பான்கள், அதாவது திசுவில் நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள், உதவுகின்றன. வெட்டியெடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்து மறைத்துவிடுவதால், சீவலைச் சிட்ரேட் கரைசலில் சூடாக்கி அவற்றை மீண்டும் வெளிக்கொணர வேண்டும். பிறகு, தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை இடுகிறார்கள். அதனுடன் இணைக்கப்படும் நொதி, ஒட்டிய இடத்தைப் பழுப்பாக்கிக் காட்டும்.

1983இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் அறிவித்த கேஐ-67 என்ற புரதம், பிரியும் செல்களின் கருவில் மட்டுமே இருக்கும். நலமான இமைப்படலத்தில் பழுப்புக் கருக்கள் பெரும்பாலும் அடியடுக்கிலேயே நிற்கும். புற்றிலோ மேலடுக்குகளிலும் சிதறிக் கிடக்கும். என்னை மிகவும் வியக்க வைப்பது இந்தக் காட்சிதான். நோயின் போக்கை அப்படியே கண்ணால் பார்க்கிறோம்!

பி53 வேறு கதை. சேதமடைந்த செல்லைத் தடுத்து நிறுத்தும் காவல் புரதம் இது. இயல்பான செல்லில் விரைவில் சிதைந்துவிடுவதால் நிறம் ஏறுவதில்லை. புற ஊதாக் கதிரால் அதன் மரபணு பழுதானால், சிதையாத புரதம் கருவில் குவிந்து பழுப்பாகத் தெரியும்.

கவனம் தேவை. பல ஆன்டிபாடிகள் மனிதப் புரதத்துக்காக உருவானவை. மாட்டுத் திசுவில் ஒட்டுகின்றனவா என்று மாட்டின் நிணநீர்க் கணுவிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். நிறமியுள்ள இமையில் மெலனினும் பழுப்பாக இருப்பதால், அங்கே சிவப்புச் சாயம் நல்லது. சில மரபணுப் பழுதுகளில் பி53 உருவாவதே இல்லை. ஆகவே, நிறம் ஏறாத சீவலைக் கண்டதும் ஆபத்தில்லை என்று எழுதிவிட முடியாது.