கையைப் பார்த்துக் கத்தி வாங்குங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது. அதற்குப் பக்கத்து ஊரான அயனம்பாக்கத்தில், லேத் பட்டறையிலோ டூல் ரூமிலோ காலமெல்லாம் உழைத்து ஓய்வுபெற்ற அப்பாக்கள் இருக்கிறார்கள். எந்த எஃகு எவ்வளவு 'டெம்பர்' தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே வீட்டு அடுப்படியில், பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு மொன்னைக் கத்தியோடு அம்மா வெங்காயத்தை அழுத்திக்கொண்டிருப்பார். பிள்ளைகள் முதல் சம்பளத்தில் புடவை, போனஸில் மிக்ஸி என்று வாங்கித் தருகிறோம். நல்ல கத்தி வாங்கித் தர நமக்குத் தோன்றுவதில்லை.

தோன்றினாலும் ஒரு பயம் வந்து தடுக்கும். வயதானவர் கையில் கூர்மையான கத்தியா? பயம் நியாயமானதே. வயது ஏற ஏறக் கைப்பிடியின் பலம் குறைகிறது, விரல் மூட்டுகள் வலிக்கின்றன. சர்க்கரை நோய் இருந்தால் காயம் ஆறத் தாமதமாகும். இதயத்துக்காக ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சின்னக் கீறலில்கூட ரத்தம் நிற்க நேரமாகும். இத்தனையும் சேர்ந்துதான் கூர்மையான கத்தி வேண்டும் என்கின்றன. விளிம்பு மெலிந்திருந்தால், கை கொடுக்கும் விசை மிகச் சிறிய பரப்பில் குவிந்து காயின் தோலைப் பிளக்கிறது. விளிம்பு மழுங்கினால் அதே வேலைக்குப் பல மடங்கு அழுத்த வேண்டும். தக்காளித் தோலில் வழுக்கும் அந்த நொடியில், அவ்வளவு அழுத்தமும் விரல்மேல் இறங்குகிறது.

கண்ணீரிலும் இந்தக் கணக்கு உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல், வெங்காயம் நறுக்கும்போது தெறிக்கும் துளிகளை அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். மொன்னையான கத்தி தோலை உடனே கிழிப்பதில்லை, முதலில் அமுக்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, தோல் கிழியும்போது சாறு பீய்ச்சியடிக்கிறது. கத்தி கூராக இருந்து, கை நிதானமாக இறங்கினால் துளிகளின் எண்ணிக்கையும் வேகமும் குறைகின்றன.

சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2012-இல் இன்னொன்றை விளக்கினார்கள். மென்மையான ஒரு பொருளை நேராக அழுத்தி வெட்டுவதைவிட, கத்தியை இழுத்து அறுத்தால் மிகக் குறைந்த விசையே போதும். இதைப் படித்ததும் எனக்கு அரிவாள்மனைதான் நினைவுக்கு வந்தது. காலால் பலகையை அழுத்திக்கொண்டு, இரு கையாலும் காயைப் பிடித்து வளைந்த அலகின்மேல் தள்ளும்போது, காய் தானாகவே அலகின் மீது வழுக்கி அறுபடுகிறது. கத்தி அசையாமல் காய் அசைகிறது என்பதுதான் வித்தியாசம். முழங்கால் வலி வந்து தரையில் உட்கார முடியாமல் மேடைக்கு மாறிய பெண்கள் அந்த இழுப்பை இழந்து, செங்குத்தாக அமுக்கப் பழகிவிட்டார்கள். அவர்களுக்கு வாங்கும் கத்தி மெல்லிய அலகோடு, நுனிப்பக்கம் லேசாக வளைந்து, 15 சென்டிமீட்டர் நீளத்தில் இருந்தால் அந்த இழுப்பு மீண்டும் கைக்கு வரும்.

உலோகத்துக்கு வருவோம். நம் எவர்சில்வர் பாத்திரங்களில் பல 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த வகை. துருப்பிடிக்காது. ஆனால் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. கத்திக்குக் கார்பன் கூடிய இன்னொரு வகை வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-இல் வார்த்தது சுமார் 13 சதவீதம் குரோமியம் கொண்ட அந்த வகைதான். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். அலகில் அது நன்றாக ஒட்டாவிட்டால் அந்தக் கத்தி வேண்டாம். ஒட்டினால் மட்டுமே நல்ல கத்தி ஆகிவிடாது, அடுத்து கடினத்தைப் பார்க்க வேண்டும். ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை போதும். 60-ஐத் தாண்டும் ஜப்பானியக் கத்திகள் நெடுநாள் கூர் காக்கும். ஆனால் முற்றிய தேங்காயிலோ மீன் எலும்பிலோ திருகினால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும்.

கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் ஒருகாலத்தில் மூசையில் உயர்கார்பன் எஃகு உருக்கிய நாடு இது. அந்தப் பெருமிதத்தில், அந்த எஃகின் வாரிசு என்று நினைத்து, அலை அலையாகக் கோடு போட்ட 'டமாஸ்கஸ்' கத்தியை வாங்கிவிடாதீர்கள். இன்று அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் பல தகடுகளை அடுக்கி ஒட்டியவை. வெறும் கோடு அச்சிட்டவையும் உண்டு. குரோமியம் இல்லாத கார்பன் எஃகும் அம்மாவுக்குத் தொல்லைதான். வாழைப்பூவை அரிந்தால் அதன் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கத்தியையும் பூவையும் கறுப்பாக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தில் ஒரே இரவில் துருவும் ஏறும்.

பிடியை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். அம்மாவையே கடைக்கு அழைத்துப் போய் நாலைந்தைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் மடக்க வலிப்பவருக்குக் கொஞ்சம் பருமனான பிடிதான் சுகம். ஈரக் கையிலும் அது வழுக்கக் கூடாது. கத்தியைக் கைக்குக் கை தரக்கூடாது என்று அவர் சொன்னால், மேடைமேல் வைத்துவிடுங்கள். எந்தக் கத்தியையும் கைமாற்றப் பாதுகாப்பான வழியும் அதுதான்.

வாங்கியதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, கிரானைட் மேடை. அதிலுள்ள குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினமானது, அதன்மேல் நறுக்கினால் விளிம்பு சீக்கிரம் மடங்கிவிடும். எனவே கத்தியோடு ஒரு மரப்பலகையும் சேர்த்து வாங்குங்கள். இன்னொன்று, தீப்பொறி பறக்கப் பிடிக்கும் சாணை. மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறி, டெம்பர் இறங்கிவிடும். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டில் டூல் ரூம் அப்பா இருந்தால் அந்தப் பொறுப்பை அவரிடம் விடலாம். நனைத்த தீட்டுக்கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில், சூடேறாமல் தீட்ட அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுக்கத்தி வந்த முதல் சில நாள்தான் விரல் வெட்டுப்படும் அபாயம் அதிகம். மொன்னைக் கத்திக்குக் கொடுத்துப் பழகிய அழுத்தத்தையே கை இதற்கும் கொடுக்கும். கை பழகும்வரை முருங்கைக்காயும் பூசணியும் காத்திருக்கட்டும். வெள்ளரி, கத்தரி, பீன்ஸ் என்று தொடங்கி, காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்ளே மடக்கி வைக்கச் சொல்லுங்கள்.