சங்கு ஓய்ந்தது, நடை ஓயவில்லை!

கோலார் தங்கவயலில் ரெயிலடி வரை நல்ல பாதை போட முடியாதா?

பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே கோலார் தங்கவயல் கண் விழித்து விடுகிறது.

லைன் வீடுகளில் விளக்கு எரிகிறது. டிபன் கேரியரில் சோறு ஏறுகிறது. மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ரெயிலடிகளை நோக்கி ஆண்களும் பெண்களும் நடக்கத் தொடங்குகிறார்கள். சிலர் சைக்கிளில் போகிறார்கள். பங்காருபேட்டை வழியாக சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூருவுக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகு திரும்புகிறவர்கள் அவர்கள். தையல் தொழிற்சாலையில் வேலை செய்பவர், ஆஸ்பத்திரி ஊழியர், கட்டிட மேஸ்திரி, கணக்கு எழுதும் குமாஸ்தா என்று ஆயிரக்கணக்கானோர் தினமும் இந்த ரெயிலை நம்பியே குடும்பம் நடத்துகிறார்கள்.

ரெயிலில் இடம் கிடைக்கவில்லை என்று பேசுகிறார்கள். ரெயில் தாமதம் என்று பேசுகிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் வீட்டு வாசலுக்கும் ரெயிலடிக்கும் நடுவே உள்ள இரண்டு கிலோ மீட்டரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இருட்டில் போய் இருட்டில் திரும்பும் பாதை அது. அந்த இரண்டு கிலோ மீட்டரில் பத்து நிமிடம் தவறினால் ரெயில் போய்விடும். ரெயில் போனால் அன்றைய கூலி போய்விடும்.

சுரங்கத்துக்காக அமைந்த ஊர்

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ம் ஆண்டில் இங்கு தங்கம் தோண்ட வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளில் இருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். சுரங்க வாயைச் சுற்றி அவர்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள் கட்டப்பட்டன. அவைதான் இன்றும் 'லைன்' என்று அழைக்கப்படுகின்றன. 1894-ம் ஆண்டில் ரெயில் வந்தது. 1902-ம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்தது. அந்த மின்சாரம் முதலில் போனது சுரங்க எந்திரங்களுக்குத்தான். தொழிலாளியின் வீட்டுக்கு அல்ல.

ஊரின் பாதைகளும் அப்படித்தான். சங்கு ஊதினால் ஷிப்டுக்கு ஆள் வரவேண்டும். அதற்கு எவ்வளவு பாதை வேண்டுமோ அவ்வளவு பாதை இருந்தது. தலையில் தொப்பியும் கையில் விளக்குமாக ஆயிரக்கணக்கானோர் நடந்தும் சைக்கிளிலும் போய்க் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. பூமிக்குள் மூன்று கிலோ மீட்டர் போகக் கூண்டு இருந்தது. பூமிக்கு மேலே மூன்று கிலோ மீட்டர் போகக் கால்தான் இருந்தது!

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சங்கு ஓய்ந்தது. அதுவரை சுரங்க வாயை நோக்கி நடந்த கால்கள், அன்று முதல் ரெயிலடியை நோக்கித் திரும்பின. மக்கள் நடக்கும் திசை மாறிவிட்டது. ஆனால் ஊரின் பாதைகள் பழைய கணக்கிலேயே நிற்கின்றன.

சைக்கிளுக்கு ஏற்ற ஊர்

தங்கவயலின் அமைப்பைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். தங்கம் ஓடிய பாறை வடக்குத் தெற்காக நீண்டு கிடந்தது. ஊரும் அதை ஒட்டியே சுமார் 8 கி.மீ. நீளத்துக்கு வளர்ந்தது. ரெயில் பாதையும் அதே வாட்டத்தில் ஓடுகிறது. ஆகவே பெரும்பாலான குடியிருப்புகள் ஏதாவது ஒரு ரெயிலடிக்கு இரண்டு, மூன்று கிலோ மீட்டருக்குள் அடங்கி விடுகின்றன.

இரண்டு கிலோ மீட்டர் என்றால் நடைக்கு 25 நிமிடம். சைக்கிளுக்கு 10 நிமிடம் போதும். கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள ஊர் என்பதால் காலையில் வியர்க்காது. பஸ்சுக்குக் காத்து நிற்க வேண்டாம். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். 2006-07-ம் ஆண்டில் இருந்து கர்நாடக அரசு 8-ம் வகுப்பு மாணவ-மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்து வந்தது. கொரோனா காலத்தில் அது நின்றுபோனாலும், அதற்குள் சைக்கிள் ஏறாத வீடே இல்லை என்ற நிலை வந்துவிட்டது. சைக்கிள் இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவர் இருக்கிறார். ரெயிலடியில் பூட்டி வைத்தால் மாலை வரை பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும், லாரிக்கும் காருக்கும் பயப்படாமல் ஓட்ட ஒரு பாதையும்தான் வேண்டும்.

பயம் வீண் பயம் அல்ல. 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர்.

செந்தூசி படிந்த ஊர்

தொழில் போன பிறகு பாதையைத் திருத்திய ஊர்கள் உலகில் பல உண்டு. அவற்றில் தங்கவயல்காரர்கள் கேட்டால் 'நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே' என்று சொல்லக்கூடியது இங்கிலாந்தின் வடக்கே உள்ள கான்செட்.

அது இரும்பு உருக்கிய ஊர். 1840-ம் ஆண்டில் ஆலை வந்தது. ஊர் முழுவதும் வீட்டுக்கூரை, ஜன்னல், கொடியில் காயும் துணி எல்லாவற்றிலும் சிவப்பாக இரும்புத் தூசி படியும். 1980-ம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. சுமார் 3,700 பேருக்கு வேலை போயிற்று. ஆலை போனதும் அதற்காகவே ஓடிய ரெயில்களும் போயின. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்து விட்டார்கள்.

தண்டவாளம் போனாலும் அதன் மேடு இருந்தது. ரெயில் மேடு என்பது சைக்கிளுக்கு வரப்பிரசாதம். கனமான சரக்கு ரெயில் ஏறவேண்டும் என்பதற்காக ஏற்றம் தெரியாதபடி பார்த்துப் பார்த்துப் போட்ட மேடு அது. நடப்பவருக்கும் சைக்கிள் மிதிப்பவருக்கும் மூச்சு வாங்காது. அந்த மேடுகளைச் சீர்ப்படுத்திப் பாதைகளாக்கினார்கள். 1994-ம் ஆண்டில் இங்கிலாந்தின் மேற்குக் கடலில் இருந்து கிழக்குக் கடல் வரை சுமார் 225 கி.மீ. சைக்கிள் வழி திறக்கப்பட்டபோது, அது கான்செட் வழியாகத்தான் போயிற்று. பழைய ரெயில் பாலத்தின் மேல் இன்று மக்கள் நடக்கிறார்கள்.

இதை வைத்து கான்செட்டில் பாலும் தேனும் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது. பாதை போட்டதால் மட்டும் 3,700 வேலை திரும்பி வந்துவிடாது. இன்னொன்றும் உண்டு. அங்கே ரெயில் அடியோடு போய்விட்டது. பக்கத்து நகரத்துக்குப் போக பஸ்சை நம்பி நிற்க வேண்டும். தங்கவயலில் ரெயில் இன்னும் ஓடுகிறது. அந்த வகையில் தங்கவயல் கொடுத்து வைத்த ஊர். இங்கே தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் பாதை போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஓடுகிற ரெயிலுக்கு மக்களைக் கொண்டு வந்து சேர்க்கும் பாதைதான் தேவை.

நிலம் யாருடையது?

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்யப் போனால் முதல் முட்டுக்கட்டை நிலம்.

சுரங்க நிறுவனத்தின் நிலம் மட்டும் 12 ஆயிரம் ஏக்கருக்கு மேல். அது மத்திய அரசின் சுரங்கத்துறையைச் சேர்ந்தது. பேட்டைகளின் தெருக்கள் நகரசபையுடையவை. ரெயிலடியும் அதன் முன்புறமும் ரெயில்வேயின் கையில் இருக்கின்றன. ஒரு லைன் வீட்டில் இருந்து உரிகம் ரெயிலடிக்கு நடந்து போகிறவர், அரை மணி நேரத்தில் மூன்று எஜமானர்களின் மண்ணை மிதித்து விடுகிறார். குழி விழுந்தால் யாரிடம் போய் முறையிடுவது? ஒரு ஆபீசில் கேட்டால் இன்னொரு ஆபீசைக் காட்டுவார்கள்.

இதற்கும் வழி கண்ட ஊர் உண்டு. ஜெர்மனியில் உப்பர்டால் என்ற நகரம். பஞ்சாலைகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்திருந்த ஊர். தொழிலாளர் இயக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஊரைப் பற்றி வேறொரு செய்தி தெரிந்திருக்கும்: பிரடெரிக் எங்கெல்ஸ் 1820-ம் ஆண்டில் பிறந்த பார்மன், இன்று இந்த நகரத்தின் ஒரு பகுதிதான். அங்கே 1879-ல் போடப்பட்ட ஒரு ரெயில் பாதையில் 1991-ல் பயணிகள் ரெயில் நின்றது. நிலம் ரெயில்வேக்குச் சொந்தம். நகராட்சியிடம் பணம் இல்லை. ஊர் மேடும் பள்ளமுமானது; சைக்கிள் ஓட்ட ஏற்ற ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2006-ம் ஆண்டில் ஊர் மக்களே ஒரு சங்கம் வைத்தார்கள். நன்கொடை திரட்டினார்கள். ரெயில்வேயிடமும் நகராட்சியிடமும் மாறி மாறிப் பேசினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதை நீண்டது. 2014-ம் ஆண்டு டிசம்பரில் 20 கி.மீ.க்கும் அதிகமான பாதை முறைப்படி திறக்கப்பட்டது. சுரங்கப் பாலங்களுக்குள்ளும் உயரமான பாலங்களின் மேலும் மேடு பள்ளம் தெரியாமல் ஊரின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்குப் போய்விடலாம்.

எட்டு ஆண்டுகள் ஆயின. அவசரக்காரர்களுக்கு இது நீண்ட காலம்தான். ஆனால் அங்கே யாரும் முழுப் பாதைக்கும் பணம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை.

எவ்வளவு அகலம்?

நம் நாட்டிலும் இதற்கு விதி உண்டு. இந்திய சாலைகள் காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. (கட்சி அல்ல, சாலைப் பொறியாளர்களின் அமைப்பு.) அது 2012-ம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைப்படி, குடியிருப்புப் பகுதியில் நடைபாதை 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும். அதாவது மின்கம்பம், குப்பைத்தொட்டி, கடைப்பலகை எல்லாம் போக மிச்சம் 1.8 மீட்டர். உயரம் 15 சென்டி மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பல ஊர்களில் முழங்கால் உயரத்துக்கு நடைபாதை கட்டி வைத்திருக்கிறார்கள். வயதானவர் ஏற முடியாமல் ரோட்டிலேயே நடக்கிறார். பிறகு 'நடைபாதை போட்டோம், மக்கள்தான் நடப்பதில்லை' என்கிறார்கள்!

2025-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கியது என்று கூறியிருக்கிறது. ஆகவே மனு எழுதுகிறவர்கள் 'கருணை கூர்ந்து' என்று தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

தங்கவயலைப் பொறுத்தவரை 8 கி.மீ. நீளத்துக்கும் ஒரே நாளில் பாதை போட வேண்டியதில்லை. ஒரு ரெயிலடியை எடுத்துக்கொள்ளலாம். அதைச் சுற்றியுள்ள லைன்களில் இருந்து மக்கள் ஏற்கனவே நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைகள் இருக்கும். மக்களின் கால் போட்ட வரைபடம் அது. அதன்மேல் மண் கொட்டி இறுக்கி, தண்ணீர் தேங்காமல் இருபுறமும் சாய்வு கொடுத்து, விளக்குக் கம்பம் நட்டால் பாதி வேலை முடிந்தது. இரவு ரெயிலில் இறங்கி வரும் பெண்களுக்கு அகலத்தைவிட அந்த விளக்குதான் முக்கியம். ரெயிலடியில் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு ஒன்றும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். பஞ்சர் ஒட்டுகிறவர் தானாக வந்து சேர்ந்து விடுவார்.

சயனைடு மேடு

ஒன்றை மறந்துவிட்டுப் பாதை போட்டால் பயனில்லை. அது தூசி.

தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய பொடி மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. சயனைடு கலந்து தங்கத்தைக் கரைத்து எடுத்ததால் இதற்கு 'சயனைடு மேடு' என்று பெயர். சினிமாக்காரர்களுக்கு அது செலவில்லாத பாலைவனம். ஊர்க்காரர்களுக்கு காற்றுக் காலத்தில் கண்ணிலும் மூக்கிலும் சோற்றிலும் விழும் தூசி. மழைக் காலத்தில் அது கரைந்து ஓடை வழியாக வயலுக்குப் போகிறது. நடப்பவரும் சைக்கிள் ஓட்டுகிறவரும் கண்ணாடி ஏற்றிக்கொள்ள முடியாது. ஆகவே மேட்டை ஒட்டிப் போகும் இடங்களில் பாதையை விலக்கிப் போடவேண்டும். அல்லது நடுவே நெருக்கமாக மரம் வைத்து வேலி கட்ட வேண்டும்.

இந்த மேடுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 13 மேடுகளை, சுமார் ஆயிரம் ஏக்கர் பரப்பில், மறுபடியும் அரித்துத் தங்கம் எடுக்க மத்திய அரசு விரும்பியது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக மந்திரிசபை அதற்கு இசைவு தந்தது. வேலை கிடைக்கும் என்று இளைஞர்கள் எதிர்பார்ப்பது இயற்கையே.

ஆனால் மூன்று கோடி டன் மண்ணைக் கிளற வேண்டுமானால் எந்திரமும் லாரியும் வரும். அவை ஓடப்போவது எந்த ரோட்டில்? மாரிகுப்பத்துக்கும் சாம்பியனுக்கும் விடிகாலையில் டிபன் கேரியருடன் நடந்து போகிறார்களே, அவர்கள் நடக்கும் ரோட்டில் லாரியும் ஓடினால் என்ன ஆகும்? லாரிக்கு ஒரு வழி, ஆளுக்கு ஒரு வழி என்று பிரிப்பதை ஒப்பந்தம் எழுதும்போதே எழுதிவிட வேண்டும். ஒப்பந்தக்காரர் வந்து வேலை தொடங்கிய பிறகு கேட்டால், 'அது எங்கள் கணக்கில் இல்லையே' என்பார்.