ஊசி படக்கூடாத கட்டி

“பேரன் கண்ணில் கட்டி என்கிறார்கள். சதை எடுத்துப் பரிசோதிக்காமல் ஸ்கேனோடு நிறுத்திவிட்டார்கள். படத்தை நம்பலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தேர்ந்த கண் மருத்துவர் கருமணியை விரித்து நேரிலும் பார்த்திருந்தால், நம்பலாம்.

குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய் ரெட்டினோபிளாஸ்டோமா. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடும். மற்ற பல கட்டிகளில் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். இங்கே ஊசி குத்தினால் அந்தத் துளை வழியே புற்றணுக்கள் கண்ணைவிட்டு வெளியேறிப் பரவக்கூடும். ஆகவே படங்களுக்குப் பொறுப்பு அதிகம்.

அவற்றில் என்னை வியக்கவைப்பது பி-ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டின் உறவுதான்; கண்ணுக்கு ஒலியலையின் அதிர்வெண் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ். கண் கட்டியை ஒலியலையால் ஆராய்ந்ததை அமெரிக்காவின் முண்ட், ஹியூஸ் இருவரும் 1956இல் எழுதினார்கள். இன்று மூடிய இமைமேல் ஜெல் தடவிக் கருவியை வைத்தால் கட்டி திரையில் தெரிகிறது.

இந்தக் கட்டி தன் ரத்த ஓட்டத்தை மீறி வளரும். ரத்தம் எட்டாத பகுதி செத்து, அங்கே கால்சியம் படியும். திரையில் அது வெண்பொடியாகப் பளிச்சிடும், பின்னால் நிழலும் விழும். மருத்துவர் எதிரொலியின் அளவைக் குறைத்துக்கொண்டே போவார். மற்ற திசுக்களெல்லாம் மங்கிவிடும், பொடி மட்டும் மங்காது. எங்கள் வீட்டில் அரிக்கன் விளக்கின் திரியைத் தாழ்த்தியதும் முகங்கள் மறைந்து, பாட்டியின் வைர மூக்குத்தி மட்டும் மின்னுமே, அப்படி.

சி.டி. ஸ்கேனிலும் கால்சியம் நன்றாகத் தெரியும். ஆனால் இந்நோய் பரம்பரையாக வந்த குழந்தைக்கு உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஆர்பி1 மரபணு பழுதாகியிருக்கும். சி.டி.யின் கதிர்வீச்சு பட்டால் பின்னாளில் வேறு புற்றுநோய் வரும் அபாயம் கூடும். அதனால்தான் பார்வை நரம்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். “எதற்கும் ஒரு சி.டி. எடுத்துவிடுங்கள்” என்று பெற்றோர் வற்புறுத்தக்கூடாது.

எந்தக் கருவியும் குழந்தை அதன் முன் வந்தால்தான் உதவும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் “லைட் பட்டிருக்கும்” என்கிறோம். மாறுகண்ணை “அதிர்ஷ்டம்” என்று கொண்டாடுகிறோம். இரண்டுமே இந்நோயின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். கண்புரையாகவோ, ஒன்றுமில்லாததாகவோகூட இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் கண் மருத்துவர். கட்டி கண்ணுக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலான குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிவிடலாம். பலருக்குக் கண்ணையும் காப்பாற்றலாம். திருவிழா முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே அழைத்துப் போங்கள்.